இடது பக்கத்து முகம்

சித்தெ இந்தப் பையை இக்கட்ட நகர்த்தி வச்சுக்கறேனுங்க, உங்களுக்குக் கால் நீட்ட எடமில்லாமப் போகுது. உடுமலைங்களா? நானும் உடுமலைக்குத்தானுங்க போறேன். வாசம் தூக்குதுங்களா? அது கஸ்தூரி மஞ்சளும் பூலாங்கிழங்கும். முன் சீட்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்க்கறாரு. பார்க்கட்டும். கெமிக்கல் வாசம்னா ஒருத்தரும் திரும்ப மாட்டாங்க, அது எல்லாருக்கும் பழகிப்போச்சு.

நான் ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைச்சுக்க மாட்டீங்களே? கன்னத்துல அந்தக் கறுப்பு மங்கு எத்தனை வருசமா இருக்குதுங்க? ரெண்டாவது கொழந்தைக்கப்புறமா? நெனைச்சேன். இல்லீங்க, விக்கறதுக்குக் கேக்கல. பஸ் ஏறிட்டா நான் யாவாரமே பேசறதில்ல. ஒரு அக்கறையில கேட்டேன். காங்கயம் சாந்தாமணின்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, சாந்தா மூலிகை? அது நாந்தானுங்க. கேள்விப்பட்டதில்லையா? அப்ப நீங்க வாட்ஸப்பே பார்க்கறதில்லையாட்ட இருக்குது.

முகப்பொடி, குளியல் பொடி, தலைக்கு எண்ணெய், பித்தவெடிப்புக்குக் களிம்பு, மூட்டுக்குத் தைலம், சர்க்கரைக்குச் சூரணம். எல்லாம் என்ற கையாலதான். சும்மா ஆரம்பிச்சுடலீங்க, படிச்சுத்தான் ஆரம்பிச்சேன். மூணு நாள் கோர்ஸு, போன்லயே நடத்துனாங்க. ரெண்டாம் நாளு எங்க பக்கம் பூராவும் கரண்ட் இல்ல, போன் செத்துப்போச்சு. அன்னைக்குத்தான் எதெது எவ்வளவு அளவு போடோணும்னு சொன்னாங்களாமா. அதனால என்னங்க? சர்ட்டிபிகேட்டுல மூணு நாளுன்னுதான் போட்டிருக்குது. பிரேம் போட்டு பூஜை ரூம்புக்குப் பக்கத்துலயே மாட்டி வச்சிருக்கறேன்.

நமக்குன்னு ஒரு குரூப்பு இருக்குதுங்க, சாந்தா இயற்கைக் குடும்பம்னு. அதுல இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆளு ஒரு குறை சொன்னதில்ல. யாராவது சொன்னா அன்னைக்கே குரூப்பை விட்டு எடுத்துப்போடுவேன். குடும்பம்னு பேரு வச்சுக்கிட்டு அதுக்குள்ள சண்டை எதுக்குங்க?

நானா? நான் போடறதில்லீங்க. எனக்கு மஞ்சளே ஒத்துக்காது, முகமெல்லாம் தடிச்சுப்போகும். கடையில விக்குதே, அந்த வெள்ளை க்ரீமுதான் போடறேன். அதை விடுங்க. என்ற கதையைக் கேளுங்க, உடுமலை வர்றதுக்கு நேரம் கெடக்குது. சொந்தக்காரங்களுக்கு நல்லது பண்ணப் போனா என்ன ஆகும்னு நீங்களும் தெரிஞ்சுக்கோணும்.

எனக்குக் கொழந்தை இல்லீங்க. எங்கூட்டுக்காரரு மாட்டுத் தரகு, அவருக்கு மாடே கொழந்தை. என்ற தங்கச்சி ருக்குமணி தாராபுரத்துல இருக்கறா, அவளுக்கு ஒரே புள்ள, தாரணி. லீவு விட்டா புள்ள எங்கூட்டுலதான். பெரிம்மா பெரிம்மான்னு சுத்திச் சுத்தி வருவா. ருக்குமணி ஊட்டுனா திங்க மாட்டா, நான் ஊட்டுனா தட்டு காலி. பெத்தவ அவளா நானான்னு ஊர்ல கேப்பாங்க. கேக்கறப்ப எனக்குச் சந்தோசமா இருக்கும், ஏன் பொய் சொல்லோணும்?

காலேஜு முடிச்ச வருசம் சித்திரையில வந்தா. வாசல்லயே நிக்க வச்சு ஒரு போட்டோ எடுத்தேன். என்னைப் பார்த்த சந்தோசத்துல சிரிச்சுட்டு நின்னா. முகத்துல ஒண்ணுமில்லீங்க, தாடையில மட்டும் ரெண்டு பரு. வயசுப் பொண்ணுக்கு அது கூட இல்லாமயா? ஆனா எனக்கு மனசு கேக்கல. ஊருக்கெல்லாம் செய்யறேன், என்ற புள்ளைக்குச் செய்யாம இருந்தா எப்படி?

கார்போகரிசின்னு ஒண்ணு இருக்குதுங்க. அரிசின்னா சோத்து அரிசி இல்ல, கறுப்பா ஒரு விதை, நாட்டு மருந்துக் கடையில கெடைக்கும். தோலுக்கு அது ராசா. எல்லாருக்கும் ஒரு பிடி போடுவேன். இது சொந்தப் புள்ளையாச்சே, தாராளமாவே போட்டேன். எலுமிச்சந்தோலும் காய வச்சு அரைச்சுச் சேர்த்தேன். தயிர்ல கொழைச்சு முகம் பூராப் பூசிவிட்டு, மொட்டை மாடியில போயி வெயில்ல உக்காரு கண்ணுன்னேன். நெழல்ல காஞ்சா மேலாக்கவே நின்னுருமுங்க. வெயில்ல காஞ்சாத்தான் உள்ள எறங்கும். இது நானாக் கண்டுபுடிச்சது, கோர்ஸுல கூட சொல்லல.

ஒரு வாரம் போறதுக்குள்ள, எரியுது பெரிம்மான்னா. உள்ள இருக்கற அழுக்கு வெளிய வருது, பொறுத்துக்கோன்னேன். செவந்துச்சு. அப்புறம் அங்கங்க கொப்புளிச்சுது. அப்புறம் ரெண்டு கன்னமும் நெத்தியும் அடுப்புக்கரி பூசுனாப்புல கறுத்துப்போச்சு. எனக்கே ஆச்சரியமாப் போச்சுங்க. பார்க்கறதுக்கு அவ்வளவு சுத்தமா இருந்த புள்ள, உள்ள எவ்வளவு அழுக்கை வச்சிருந்திருக்கறா பாருங்க.

அன்னைக்கும் ஒரு போட்டோ எடுத்தேன். ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைக்கோணும்னு கோர்ஸுல மொத நாளே சொல்லியிருந்தாங்க. எடுக்காதீங்க பெரிம்மான்னு கையை முகத்துக்குக் குறுக்க வச்சுக்கிட்டா. நான் கையை மெதுவா எடுத்துவிட்டு எடுத்தேன்.

ருக்குமணி வந்து பார்த்துட்டு ஆடுனா பாருங்க ஆட்டம். அன்னைக்கே கோயமுத்தூருக்குக் கூட்டிட்டுப் போயி தோல் டாக்டருகிட்டக் காட்டுனா. கார்போகரிசியைப் பூசி வெயில்ல உக்கார வச்சா தோலு வெந்துதான் போகும்னு அவரு சொன்னாராமா. அவருக்கென்னங்க தெரியும், அவரு படிச்சது இங்கிலீஷ் வைத்தியம். ஏதோ களிம்பு குடுத்து, வெயில்ல தலை காட்டாதேன்னு சொல்லி அனுப்பிவிட்டாரு. ஆறேழு மாசம் புள்ள வெளிய வரல. தீவாளிக்கு முகம் பழையபடி தெளிஞ்சுபோச்சு. டாக்டரு மருந்துலதான் தெளிஞ்சுதுன்னு ருக்குமணி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சா. என்ற பொடி மெதுவா வேலை செய்யும், அது அவளுக்கு எங்க தெரியுது?

அந்தச் சமயத்துலதான் நான் பாக்கெட் அடிச்சேன். அதுவரைக்கும் சும்மா கவர்ல போட்டுத்தான் குடுத்துட்டிருந்தேன். திருப்பூர்ல அச்சடிக்கறவரு சொன்னாரு, பூசறதுக்கு முன்னாடி ஒரு முகம், பூசுன பின்னாடி ஒரு முகம், ரெண்டு படம் போட்டாத்தான் சனம் வாங்கும்னு. போன்ல தேடுனேன். தாரணி படம் ரெண்டும் கெடைச்சுது. இடது பக்கம் அந்தக் கறுத்த முகம், கீழ ‘முன்’. வலது பக்கம் வாசல்ல நின்னு சிரிச்ச முகம், கீழ ‘பின்’.

ஏனுங்க அப்படிப் பார்க்கறீங்க? ரெண்டும் அவ முகந்தானுங்களே? வேற ஊட்டுப் புள்ளை படத்தைப் போட்டனா, சினிமாக்காரி படத்தைப் போட்டனா? வரிசையைச் சித்தெ மாத்துனேன், அவ்வளவுதான். அதுலயும் பொய்யில்லீங்க. தீவாளிக்கு அவ முகம் வலது பக்கத்துல இருக்கறாப்புலதானே ஆச்சு? சந்தேகமா இருந்தா இந்தாங்க, பாக்கெட்டைப் பாருங்க. எப்படிச் சிரிக்கறா பாருங்க.

பாக்கெட் வந்ததுக்கப்புறம் யாவாரம் புடிச்சுக்கிச்சு. தாரணி மட்டும் அதைப் பார்த்துட்டு என்றகிட்டப் பேசாம இருந்தா. சின்னப் புள்ள, ஊரே தன்னைப் பார்க்குதேன்னு வெக்கம். ஆனா அதே பாக்கெட்டுலதான் அவளுக்கு நல்ல எடத்துச் சம்பந்தம் வந்துச்சு, அதையும் சொல்லோணுமில்லீங்களா?

உடுமலையில தேங்கா நார் மில்லு வச்சிருக்கறாங்க, சரோஜினியம்மான்னு. நம்ம குரூப்புல மொத ஆளு. பாக்கெட்டைப் பார்த்துட்டுப் போன் பண்ணாங்க. ஏனுங்க சாந்தாமணி, இந்த வலது பக்கத்துல சிரிக்கற புள்ள யாருங்க, நம்ம பக்கமான்னு கேட்டாங்க. என்ற தங்கச்சி புள்ளைதானுங்கன்னேன். ஜாதகம் பார்த்தாங்க, பொருந்துச்சு. பையன் கோகுல்நாத்து, மில்லுல கூட இருந்து பார்த்துக்கறான். வந்து பார்த்துட்டுப் போனான். தாரணிக்கும் புடிச்சுப்போச்சு. போனும் கையுமாவே இருப்பாளாமா. ருக்குமணி கூட கோவத்தை விட்டுட்டு எனக்குப் போன் பண்ணி, அக்கா உன்னாலதான்னு சொன்னா. தாரணி பழையபடி பெரிம்மான்னு பேசுனா. எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனைச்சுப் பாருங்க.

அப்பத்தான் சரோஜினியம்மா ஒரு நாள் எனக்குப் போன் பண்ணி, எனக்கு ஒரு வெசனம் சாந்தாமணின்னாங்க. பொடியை நிறுத்திட்டாப் புள்ளை முகம் மறுபடி அந்த இடது பக்கமாட்ட ஆயிருமே, நாளைக்கு அவளுக்குப் பொறக்கறதும் அப்படியே இருந்தா என்ன பண்றதுன்னாங்க. அதனால கல்யாணம் முடிஞ்ச நாள்ல இருந்து தெனமும் காலையில நானே நின்னு பூசிவிட்டு, நீங்க பாக்கெட்டுல போட்டிருக்கறாப்புல வெயில்லயும் உக்கார வைக்கறேன்னாங்க. எவ்வளவு அக்கறையான மாமியா பாருங்க. எந்த மாமியா மருமகளுக்கு நின்னு பொடி பூசிவிடுவா?

இதைக் கேள்விப்பட்டுத் தாரணி அடுத்த பஸ்ஸைப் புடிச்சு என்றகிட்ட ஓடி வந்தா. என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. பெரிம்மா, ஒரே ஒரு வார்த்தை அவங்ககிட்டச் சொல்லிருங்க. படம் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. அச்சடிச்சவரு தப்புன்னு சொன்னாக் கூடப் போதும், உங்க மேல ஒண்ணும் வராது. நான் சொல்லிப் பார்த்துட்டேன், அவங்க நம்ப மாட்டேங்கறாங்க. கோகுலும் நம்ப மாட்டேங்கறாரு. நீங்க சொன்னா நம்புவாங்க. எனக்கு அவரைப் புடிச்சிருக்குது பெரிம்மா, ஆனா மறுபடி அந்த முகத்தோட என்னால ஆறு மாசம் இருட்டுக்குள்ள உக்கார முடியாதுன்னு அழுதா.

சரி கண்ணு, பார்க்கலாம்னேன். பார்க்கலாம்னா பார்க்கலாம்னுதானுங்களே அர்த்தம்? சொல்றேன்னா சொன்னேன்? புள்ள அதை எப்படி எடுத்துக்கிச்சோ, கண்ணைத் துடைச்சுட்டு நல்லாச் சிரிச்சுட்டுப் போனா. போறப்ப என்ற கன்னத்துல ஒரு முத்தம் வேற.

நானும் யோசிச்சேனுங்க. யோசிக்காம இருப்பனா? சரோஜினியம்மாகிட்டச் சொன்னா அது அவங்களோட நிக்குமா? குரூப்புல போட்டுருவாங்க. உடுமலை, பொள்ளாச்சி, பல்லடம்னு அத்தனை பொம்பளைங்களும் கையில பாக்கெட்டை வச்சுக்கிட்டு இடதா வலதான்னு திருப்பித் திருப்பிப் பார்த்தாங்கன்னா நான் எங்க போயி முட்டிக்கறது? ஒரு பேரை எடுக்கறதுக்கு எத்தனை நாளாச்சுன்னு எனக்குத்தான் தெரியும். அது தாரணிக்கும் பேருதானே? அவ பெரிம்மா பேரு கெட்டா அவளுக்கு நல்லதா?

தாராபுரத்துல மண்டபத்துல நிச்சயம். வந்திருந்த பொம்பளைங்கள்ல பாதிப்பேரு என்ற கஸ்டமரு, மீதிப்பேரு ஆகப்போற கஸ்டமரு. எல்லாரும் என்னைச் சுத்தித்தான் நின்னாங்க, ருக்குமணியை ஒருத்தரும் கண்டுக்கல. தாரணி அரக்குப் பட்டுல வந்து உக்காந்தா. என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுனா. நான் சொல்லியிருப்பேன்னு நெனைச்சுட்டா போலிருக்குது.

வெத்தலைத் தட்டு மாத்தறதுக்கு முன்னால, பையனோட அம்மா பொண்ணுக்கு நலுங்கு வச்சுவிடற முறை அவங்களுக்கு உண்டாமா. சரோஜினியம்மா ஒரு வெள்ளிக் கிண்ணத்தை எடுத்தாங்க. பார்த்தா என்ற பொடி. பன்னீர் ஊத்திக் கொழைச்சாங்க. அத்தனை பேருக்கு முன்னால, வெள்ளிக் கிண்ணத்துல, என்ற பொடி. எனக்குப் புல்லரிச்சுப்போச்சு.

கன்னத்துக்கிட்டக் கொண்டு போனாங்க. தாரணி அவங்க மணிக்கட்டைப் புடிச்சுக்கிட்டா. சத்தமா எல்லாம் பேசல. அத்தை, இது வேண்டாங்க, இதைப் போட்டுத்தான் எனக்கு அப்படி ஆச்சு, மொதல்ல நான் நல்லாத்தான் இருந்தேன், பெரிம்மாளைக் கேளுங்கன்னா.

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ஏனுங்க சாந்தாமணி, புள்ள என்னமோ சொல்லுதேன்னாங்க சரோஜினியம்மா. தாரணியும் என்னையே பார்த்தா. என்ற இடத்துல நீங்க இருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க? அத்தனை கஸ்டமரு. நான் சிரிச்சுக்கிட்டே சொன்னேன், புள்ளைக்குக் கூச்சமுங்க, பழைய முகத்தைப் பத்திப் பேசுனா எந்தப் பொண்ணுக்குத்தான் புடிக்கும்னு. பட்டுனு வாயில வந்துருச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நெலமையைச் சமாளிச்சுட்டேன்னுதான் நெனைச்சேன்.

தாரணி அந்தப் பையனைப் பார்த்தா. அவன் குனிஞ்சு அவ காதுகிட்ட, அம்மா ஆசைப்படறாங்க, போட்டுக்கயேன், வெறும் பொடிதானேன்னான். நல்லவன், அன்பாத்தான் சொன்னான். அவ கழுத்துல இருந்த மாலையைக் கழட்டி நாற்காலியில வச்சா. எனக்கு வேண்டாம்ப்பான்னு அவங்கப்பாகிட்டச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ருக்குமணி பின்னாலயே ஓடுனா. நான் பொடிக் கிண்ணத்தைத்தான் பார்த்துட்டு நின்னேன், அது கொட்டாம இருக்கோணுமேன்னு.

தட்டு மாறாமயே அவங்க கெளம்பிட்டாங்க. போறப்ப சரோஜினியம்மா என்ற தோளைத் தட்டி, நீங்க என்ன பண்ணுவீங்க சாந்தாமணி, வளர்ப்பு அப்படின்னாங்க. பெரிய மனுசி. இத்தனை நடந்தும் அடுத்த மாசம் பொடி வாங்கறதை நிறுத்தல. ஒரு ஆளோட குணம் அதுல தெரிஞ்சுபோகுமுங்க.

ஆனா என்ற தங்கச்சி இருக்கறாளே. இனிமே எங்கூட்டு வாசப்படி மிதிக்காதேக்கான்னுட்டா. தாரணி பெங்களூர்ல வேலைக்குப் போயிட்டா. நான் போன் பண்ணுனா எடுக்கறதில்ல. ஒரே ஒரு மெசேஜ் போட்டா. மேடம், உங்கள் பாக்கெட்டிலிருந்து என் படத்தை எடுத்துவிடுங்கன்னு. மேடமாம். நான் ஊட்டுனாத்தான் திங்கற புள்ளைங்க அது. அதைப் படிச்சுட்டு எனக்குச் சோறு எறங்கல. பெரிம்மான்னு கூப்பிடறதுக்கு இந்த ஒலகத்துல எனக்கு அவளை விட்டா யாருங்க இருக்கறா? ஒரு பொடிக்காக நல்ல சம்பந்தத்தையும் விட்டு, என்னையும் விட்டுட்டா. அந்தப் புள்ளைக்கு அப்படியொரு புடிவாதம்.

கோவத்துல நான் பதிலே போடல. படத்தையும் எடுக்கல. எடுத்தா அவ சொன்னது நெசம்னு ஆயிருமில்லீங்களா? அதுவுமில்லாம வேற முகத்துக்கு நான் எங்க போவேன்?

இப்ப மனசு மாறிட்டேனுங்க. அவ கேட்டபடியே எடுத்துடலாம்னு இருக்கறேன். நல்ல காரியங்கறீங்களா? நீங்களாவது சொன்னீங்களே. நமக்குத்தான் பெரிய மனசு வேணும், அவ சின்னப் புள்ள.

இப்ப சரோஜினியம்மா ஊட்டுக்குத்தான் போறேன். அவங்க பையனுக்குத் தையில கல்யாணம் ஆயிருச்சு. பல்லடத்துப் புள்ள, பேரு அபிநயா. முகம் கண்ணாடியாட்ட இருக்கும். கல்யாணத்துக்கு என்னை மொத வரிசையில உக்கார வச்சாங்க. மணவறையில அந்தப் புள்ள சிரிச்சுட்டு உக்காந்திருந்தப்ப நானே போன்ல நாலஞ்சு படம் புடிச்சேன். ஒண்ணுமில்லாத முகந்தான், ஆனா இனிமேலும் ஒண்ணும் வந்துடக் கூடாதுன்னு சரோஜினியம்மா முன்ஜாக்கிரதையாப் பூசிவிடறாங்க.

நேத்து அந்தப் புள்ள எனக்குப் போன் பண்ணுச்சு. பாத்ரூம்புக்குள்ள நின்னு பேசுது, தண்ணி விழற சத்தம் கேக்குது. ஏனுங்க, நீங்கதானே பொடி குடுக்கறவங்க, முகமெல்லாம் எரியுதுங்க, கறுத்துக்கிட்டு வருதுங்க, அத்தை தெனமும் மாடியில வெயில்ல உக்கார வைக்கறாங்க. நான் சொன்னாக் கேக்க மாட்டேங்கறாங்க, அழுக்கு வெளிய வருதுன்னு நீங்க சொல்லியிருக்கறீங்களாமா. நிறுத்தச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நிறுத்திருவாங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீங்கன்னு தேம்பித் தேம்பி அழுவுது. பாவமாப் போச்சுங்க. அழுகாத கண்ணு, நானே நேர்ல வர்றேன்னு சொல்லிப்போட்டுக் காலையிலயே கெளம்பிட்டேன். வெயில் சாயறதுக்குள்ள போயிரோணும்.

நிறுத்தச் சொல்றதுக்கா? ஏனுங்க, நல்லாக் கேட்டீங்க போங்க. வெளிச்சம் இருக்கறப்பப் போனாத்தானுங்களே படம் தெளிவா விழும்? மணவறையில சிரிச்ச முகம் எங்கிட்ட இருக்குது. இன்னைக்கு இந்தக் கறுத்த முகத்தையும் எடுத்துட்டேன்னா ரெண்டும் ஒரே புள்ளையோடதா ஆயிரும், அப்புறம் தாரணி படம் எனக்கெதுக்கு? புது பாக்கெட் வந்ததும் மொத பாக்கெட்டைத் தாரணிக்குத்தான் அனுப்பப் போறேன். பாரு கண்ணு, நீ கேட்டபடியே உன்ற படத்தை எடுத்துட்டேன்னு. அதைப் பார்த்தாளுன்னா பழையபடி பெரிம்மான்னு கூப்புடுவாதானுங்களே?